பெரிய மாதிரி ரயில் கண்காட்சிக்கு முதன்முறையாக லேஅவுட் கொண்டுபோகிறேன்: எப்படித் தயாராவது?

மலைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் வசிக்கிறேன். வீட்டின் பின்னறையில் ஆறு ஆண்டுகளாகக் கட்டிவரும் ஓஓ அளவு (அசலில் 76.2இல் ஒரு பங்கு) லேஅவுட்டை, அதாவது தண்டவாளமும் நிலையமும் கொண்ட மாதிரி ரயில் காட்சியமைப்பை, வருகிற பிப்ரவரியில் கிளாஸ்கோ எஸ்.இ.சி. அரங்கில் நடக்கும் மாடல் ரயில் ஸ்காட்லாந்து கண்காட்சிக்குக் கொண்டுவர இயலுமா என்று கேட்டு அழைப்பு வந்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு தேவாலயக் கூடத்தில் நடத்திய ஒருநாள் காட்சியில் அதைப் பார்த்த யாரோ பரிந்துரைத்திருக்க வேண்டும். மகிழ்ச்சியில் உடனே சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்று இரவு தொடங்கிய கவலை இன்னும் தீரவில்லை. எட்டு ஆண்டுகளாக இதே கண்காட்சிக்குப் பார்வையாளனாகச் சென்றிருக்கிறேன் என்றாலும், தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றவனே தவிர இந்தப் பக்கம் நின்றவன் அல்லன்.

லேஅவுட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மாலெய்குக்குச் செல்லும் மேற்கு ஹைலண்ட் பாதையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் ஒரு கிளைப்பாதை இருந்திருந்தால், அதன் கடைசி நிலையம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் அது. ஒரு நடைமேடை, மீன் ஏற்றும் சிறு துறைமுகம், இரண்டு பக்கவழித் தடங்கள், நான்கு கைகாட்டி மரங்கள் ஆகியவை அதில் உள்ளன. காலம் 1980களின் நடுப்பகுதி. தலா 1.2 மீட்டர் நீளமுள்ள நான்கு அடிப்பலகைகளில் மூன்று காட்சிப் பகுதி. நான்காவது, ரயில்களை மறைவாக நிறுத்தி மாற்றி அனுப்பும் ஃபிடில் யார்டு. ஓடுபவை பெரும்பாலும் வகுப்பு 37 டீசல் எஞ்சின்கள். ஆசைக்காக 156 ஸ்பிரிண்டர் என்ற டீசல் பயணிகள் ரயில் தொடர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வீட்டில் மாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளும் காலை முதல் மாலை வரை ஓட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. என்னுடன் என் மைத்துனரும் சங்க நண்பர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் போதுமா? தண்டவாளம் தரையிலிருந்து 1.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை உயர்த்த வேண்டுமா? பார்வையாளர்களிடம் எவ்வளவு பேச வேண்டும், எப்போது பேசாமல் வேலையைப் பார்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.

கைகாட்டி எழுதியது:

வாழ்த்துகள், நண்பரே. நான் பதினோரு ஆண்டுகளாக இங்கிலாந்தின் பல ஊர்களுக்கு இரண்டு லேஅவுட்களைக் கொண்டுபோய் வருகிறேன். உங்கள் கவலை நியாயமானதுதான், ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் நீங்கள் நினைக்கும் இடம் இல்லை. காட்சி அழகு இனி கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. மூன்று நாளில் ஏறக்குறைய இருபது மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள். வீட்டில் ஓராண்டில்கூட நீங்கள் அவ்வளவு நேரம் ஓட்டியிருக்க மாட்டீர்கள். வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை தடம்புரளும் ஒரு வேகன், அரங்கில் மணிக்கு ஒருமுறை தடம்புரளும், அதுவும் முன்வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போதுதான்.

ஆகவே முதல் வேலை, டிசம்பருக்குள் லேஅவுட்டை முழுமையாகப் பிரித்து, வேறு ஒரு அறையிலோ கார் கொட்டகையிலோ மீண்டும் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்), எந்த வண்டி, எந்தத் திசையில் போகும்போது தடம்புரண்டது அல்லது நின்றது என்பதை அந்த நொடியிலேயே எழுதுங்கள். மாலையில் பார்த்தால், இருபது கோளாறுகள் என்று நினைத்தது உண்மையில் மூன்றே கோளாறுகள் என்பது தெரியவரும். என் அனுபவத்தில் அந்த மூன்றில் ஒன்று எப்போதும் சக்கர இடைவெளிதான். ஓஓ அளவில் ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே சுமார் 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய வண்டிகளிலும் அது சற்றுக் குறைந்தோ கூடியோ இருப்பதுண்டு. அதற்கான பித்தளை அளவுகோலை வாங்கி எல்லா அச்சுகளையும் ஒரே அமர்வில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பலகைகள் சேரும் இடம். அங்கே தண்டவாள முனைகள் வெறும் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டைகளில் நின்றால், வேனில் ஏற்றும்போது மேல்கோட்டின் நுனி பட்டாலே வளைந்துவிடும். முனையில் இரண்டு செம்பு பூசிய சிலிப்பர் கட்டைகளை ஒட்டி, தண்டவாளத்தை அவற்றின் மேல் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே செம்பை அறுத்துவிட மறக்காதீர்கள். மறந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகி எதுவுமே ஓடாது. பலகைகளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க, தச்சர்கள் வார்ப்படத்துக்கான மர மாதிரிகளில் பயன்படுத்தும் பித்தளை ஆண், பெண் முளைகளே போதும். போல்ட்டை நம்பி வரிசைப்படுத்த முயல வேண்டாம். போல்ட் இறுக்குவதற்கு, முளை வரிசைப்படுத்துவதற்கு.

பிப்ரவரி என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இரவு முழுவதும் வேனில் குளிர்ந்து கிடந்த பலகைகளைச் சூடான அரங்குக்குள் கொண்டுவந்தவுடன் தண்டவாளத்தின் மேல் மெல்லிய ஈரம் படியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலை வைத்தால் தெரியும். உடனே எஞ்சினை வைத்து ஓட்டினால் அந்த ஈரமும் தூசியும் சேர்ந்து சக்கரத்தில் கருப்பு மையாக ஒட்டிக்கொள்ளும். பூட்டி முடித்ததும் ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், தேநீர் குடியுங்கள், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அதன்பின் தினமும் காலையில் கதவு திறக்கும் முன் ஒருமுறை துடைத்தால் போதும்.

என் முதல் பெரிய கண்காட்சியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணி நேரம் வேன் ஓட்டிப் போய், பலகைகளை இறக்கி, கால்களைப் பூட்டி, விளக்குகளை மாட்டி, பெருமையோடு ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைத் தேடினால் பெட்டியில் அது இல்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். சமையலறை மேசைமேல், உப்புக் குடுவைக்கு அருகில் இருப்பதாக என் மனைவி சொன்னார். பக்கத்து லேஅவுட்காரர் தம்முடைய உபரிக் கன்ட்ரோலரைத் தந்ததால் மானம் தப்பியது. அன்றிலிருந்து என் கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். வேனின் கதவைச் சாத்தும் முன் அதை உரக்கப் படித்து ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பட்டியலில் முதல் வரி கன்ட்ரோலர், இரண்டாவது வரி கால்களின் போல்ட்டுகள்.

ஆட்கள் மூன்று பேர் போதாது, நான்கு பேர் வேண்டும். ஒருவர் நிலையத்தை இயக்க, ஒருவர் ஃபிடில் யார்டில், ஒருவர் முன்னால் நின்று பேச, நான்காமவர் சாப்பிடவும் மற்ற லேஅவுட்களைப் பார்க்கவும் போக. மூன்று பேர் மட்டும் போனால் மூன்றாம் நாள் மாலை ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டீர்கள்.

இயக்கத்துக்கு ஒரு கணக்கு. மணிக்கு 25 மைல் வேகத்தை 76.2இல் ஒரு பங்காகக் குறைத்தால் நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வரும். உங்கள் காட்சிப் பகுதி 3.6 மீட்டர் என்பதால், ரயில் தோன்றி நடைமேடையில் நிற்பதற்குள் இருபத்தைந்து நொடி முடிந்துவிடும். அடுத்த ரயிலை நான்கு நிமிடம் கழித்து அனுப்பினால், இடையில் வருபவர் ஒரு காலியான நிலையத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். எனவே நான் ஒவ்வொரு நகர்வையும் ஓர் அட்டையில் எழுதி, வளையத்தில் கோத்து, இருவர் கையிலும் கொடுத்துவிடுவேன். அட்டையைத் திருப்பு, சொன்னதைச் செய், மறுபடி திருப்பு. யோசிக்க நேரம் செலவாகாது.

கடைசியாக ஒரு சிறு குத்தல், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேற்கு ஹைலண்ட் பாதையில் ஊழியர்கள் ரேடியோ வழியே அனுமதி பெற்று ரயிலோட்டும் முறை 1988க்குள் வந்துவிட்டது. சிறு நிலையங்களில் கைகாட்டி மரங்கள் அதோடு போயின. 156 ஸ்பிரிண்டர்கள் அந்தப் பாதைக்கு வந்தது 1989இல். உங்கள் கைகாட்டி மரமும் உங்கள் ஸ்பிரிண்டரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே முடியாது. கிளாஸ்கோவில் அந்தப் பாதையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தடுப்பில் சாய்ந்து நிற்பார்கள். முதல் அரை மணி நேரத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் நடைமேடை எழுதியது:

நான் லேஅவுட் கட்டுபவள் அல்லள். என் மகனுக்கு ஏழு வயது. அவனை அழைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாக இப்படிப்பட்ட கண்காட்சிகளுக்குப் போகிறேன் என்பதால், தடுப்புக்கு வெளியே நிற்பவரின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஐயா, உங்கள் 1.05 மீட்டர் உயரத்தைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். கண்மட்டத்தில் பார்த்தால்தான் ரயில் உண்மையானதாகத் தெரியும் என்று சிலர் 1.3 மீட்டருக்கும் மேலே உயர்த்திவிடுகிறார்கள். அது நின்று பார்க்கும் பெரியவர்களின் கண்மட்டம். என் மகனுக்குத் தெரிவது அடிப்பலகையின் விளிம்பும் கீழே தொங்கும் கருப்புத் திரைத்துணியும் மட்டுமே. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே கதிதான். அவனைத் தூக்கிக்கொண்டே நான் எத்தனை நிமிடம் நிற்க முடியும்? ஒருமுறை ஒரு லேஅவுட்டில் கீழே ஒரு மரப்படியை வைத்திருந்தார்கள். அந்த ஒரே காரணத்துக்காக அங்கே அரை மணி நேரம் நின்றோம்.

பெரிய கண்காட்சியில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று முதல் ஆண்டு நான் ஓடினேன். மதியத்துக்குள் கால் வலி, பையன் அழுகை, ஒரு லேஅவுட்கூட நினைவில் இல்லை. இப்போது வழிகாட்டிப் புத்தகத்தில் காலையிலேயே ஆறு லேஅவுட்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவன் போதும் என்று சொல்லும்வரை நிற்கிறோம். முடிந்தால் வெள்ளிக்கிழமை போவது நல்லது, சனிக்கிழமை காலை தடுப்பருகே நெருங்கவே முடியாது. முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் வேண்டுகிறேன். முதுகுப்பை போட்டவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்கும் குழந்தையின் முகத்தில்தான் அது இடிக்கிறது.

நான் பார்த்தவற்றில் மறக்க முடியாதது, லண்டன் மாதிரி ரயில் சங்கத்தினரின் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே இருந்த லண்டனை, அடிக்கு 2 மில்லிமீட்டர் என்ற அளவில் கட்டியிருக்கிறார்கள். பின்னால் போகப்போகக் கட்டடங்களின் அளவைப் படிப்படியாகக் குறைத்திருப்பதால், சில அடி ஆழமே உள்ள மேசை ஒரு நகரமாக விரிகிறது. அதன் முன் நின்றிருந்தபோது அதை இயக்கியவர்களில் ஒருவர் என் மகனிடம், "மாட்டுச் சந்தையின் மணிக்கூண்டு எங்கே இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் எதிர்பார்ப்பது விரிவுரை அன்று. உங்கள் துறைமுகத்தில் எங்கேயாவது ஒரு பூனையையோ, ஒரு சிவப்புப் படகையோ ஒளித்து வைத்து, குழந்தைகளிடம் தேடச் சொல்லுங்கள். பெரியவர்கள் அவர்களாகவே கேட்பார்கள். ஆனால் தடுப்புக்கு உள்ளே நான்கு பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் லேஅவுட்களை நாங்கள் நிற்காமலே கடந்துவிடுகிறோம்.

உங்கள் குடும்பத்தினர் பார்க்க வந்தால் கிளாஸ்கோ சென்ட்ரலின் கீழ்த்தள நடைமேடையிலிருந்து எக்ஸிபிஷன் சென்டர் நிலையத்துக்கு ரயிலில் வரச் சொல்லுங்கள். அரங்கை ஒட்டிக் கிளைட் ஆற்றங்கரையில் நிற்கும் ஃபின்னிஸ்டன் பாரந்தூக்கியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். 175 டன் தூக்கக்கூடிய அந்தப் பாரந்தூக்கி கிளாஸ்கோவின் ஸ்பிரிங்பர்ன் பகுதியில் கட்டிய நீராவி எஞ்சின்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்பர்ன் எஞ்சின்கள் பல நம் ஊர்ப் பக்கமும் வந்து ஓடியவை என்பதை என் மகனுக்கு அங்கே நின்றுதான் சொன்னேன்.

ரசமட்டம் எழுதியது:

நான் ஒரு சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். எனவே இது மேசைக்கு மூன்றாவது பக்கத்திலிருந்து வரும் பதில்.

அழைப்போடு ஒரு படிவம் வரும். அதைச் சோம்பலாக நிரப்பாதீர்கள். லேஅவுட்டின் நீள அகலம் கேட்டால், இயக்குபவர்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 4.8 மீட்டர் என்று மட்டும் எழுதிவிட்டு, வந்து நின்றபின் பின்னால் நாற்காலி போட இடமில்லை என்று சொன்னால் அந்த நேரத்தில் எங்களால் சுவரைத் தள்ளிவைக்க முடியாது. எத்தனை பிளக் பாயிண்ட், எத்தனை மேசை, எத்தனை பேர், எத்தனை இரவு தங்குமிடம், எல்லாவற்றையும் இப்போதே எழுதுங்கள். இங்கே லேஅவுட் கொண்டுவருபவருக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. வேன் வாடகை, எரிபொருள், தங்குமிடம் ஆகியவற்றை முன்கூட்டி ஒப்புக்கொண்ட அளவுக்கு ஏற்பாட்டாளர்கள் ஏற்பார்கள் என்பதே பொதுவான வழக்கம். நான்காவது ஆளைச் சேர்ப்பதென்றால் ஜனவரியில் அன்று, இன்றே கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டு மதிப்பு என்ற கட்டத்தில் பலர் கூச்சத்தோடு ஒரு சிறு தொகையை எழுதிவிடுகிறார்கள். எஞ்சின்கள், வண்டிகள், மின்கருவிகள் அனைத்தையும் இன்றைய விலையில் மீண்டும் வாங்க என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்களுக்கே அதிர்ச்சி தரும். அதை மனைவியிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

பேட் டெஸ்ட் எனப்படும் மின்சாதனப் பாதுகாப்புச் சோதனை செய்து ஒட்டுச்சீட்டு ஒட்டாத டிரான்ஸ்ஃபார்மரையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸையோ பல அரங்குகளில் சுவரில் செருக விடமாட்டார்கள். உங்கள் சங்கத்திலேயே யாராவது அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர் இருப்பார். சரக்கு வாசலில் வேனை நிறுத்தி இறக்கும்போது ஒளிரும் மேலங்கி கட்டாயம். நான்கு பேருக்கும் நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை கடைசிப் பார்வையாளர் வெளியேறும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது. ஐந்து நிமிடம் முன்னதாகப் பெட்டி கட்டத் தொடங்குபவரை அடுத்த ஆண்டு நாங்கள் அழைப்பதில்லை.

அரங்கின் தரை சமமாக இருக்கும் என்று நம்பவேண்டாம். கான்கிரீட் தரையில் மின்கம்பிகள் போகும் பள்ளங்களும் அவற்றின் மூடிகளும் உண்டு. ஒவ்வொரு காலின் அடியிலும் திருகிச் சரிசெய்யும் பாதம் வையுங்கள், நீளமான ரசமட்டம் ஒன்றும் கொண்டுவாருங்கள். என் பெயருக்காகச் சொல்லவில்லை. நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி நிறுத்திய பெட்டிகள் தாமாக உருண்டு கடலில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கைகாட்டி சொன்னவற்றில் அட்டை முறை ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அட்டைகளைப் பின்பற்றி இயக்குபவர்கள் அட்டையைத்தான் பார்க்கிறார்கள், ரயிலைப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்ட பார்வையாளருக்கும் "ஒரு நிமிடம்" என்ற பதிலே கிடைக்கிறது. இவ்வளவு சிறிய நிலையத்துக்கு ஆறேழு நகர்வுகளை மனப்பாடம் செய்துகொண்டு, அவற்றை மாற்றி மாற்றிச் செய்தால் போதும். பயணிகள் ரயில் யார்டில் காத்திருக்கும் நேரத்தில் துறைமுகத்தில் ஷண்டிங் (வண்டிகளைப் பிரித்து, தடம் மாற்றிச் சேர்ப்பது) நடக்கட்டும். மெதுவாக நகரும் ஒரு மீன் வேகன் மக்களை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கும் என்பதைப் பார்த்தால் வியப்பீர்கள். ஆனால் வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்ற ஒவ்வொரு முறையும் வானத்திலிருந்து ஒரு ராட்சதக் கை இறங்கினால் அந்த மயக்கம் கலைந்துவிடும். ஷண்டிங் நடக்கும் வண்டிகளுக்காவது காந்தத்தால் கழலும் கப்ளிங்கை மாட்டிவிடுங்கள்.

மலைப்பாதை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலையே அளவுகோலை வைத்து அச்சுகளைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு அச்சுகளில் ஒன்பது தவறாக இருந்தன. அவற்றுள் நான்கு, நான் ஓராண்டாகப் பாயிண்டைக் குறைசொல்லிக்கொண்டிருந்த அதே இரண்டு மீன் வேகன்களில் இருந்தன. பாயிண்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஸ்பிரிண்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கைகாட்டி மரங்கள் நான்கையும் கையால் செய்தவன் நான் என்பதால், எது போக வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நான்காவது ஆளாக மைத்துனரின் மகள் வருகிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், முன்னால் நின்று பேசுவது அவள் பொறுப்பு. படகுத்துறையில் வலைக் குவியலுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுப் பூனையை ஒட்டியாகிவிட்டது. அட்டை விஷயத்தில், முதல் நாள் அட்டையோடு தொடங்கி, கை பழகியதும் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இருவரும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க இதைவிட வேறு வழி தெரியவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். அரங்கின் கூரை விளக்குகளே போதுமா, அல்லது லேஅவுட்டுக்குத் தனியாக விளக்கு வேண்டுமா? வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில்தான் எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டினேன்.

கைகாட்டி எழுதியது:

தனி விளக்கு கட்டாயம் வேண்டும். கூரை விளக்கு மிக உயரத்தில் இருக்கும், அதன் ஒளியில் உங்கள் மலை சாம்பலாகத் தெரியும். போதாததற்குப் பார்வையாளரின் தலை நிழலும் நிலையத்தின் மேல் விழும். முன்விளிம்புக்குச் சற்று வெளியே தள்ளி, மேலே ஒரு பலகை மறைப்பு கட்டி, அதன் உட்புறம் எல்இடி பட்டையை ஒட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் தீட்டிய வண்ணம் என்பதால் மஞ்சள் ஒளிப் பட்டையை வாங்காமல் பகலொளி வெண்மையை வாங்குங்கள். வாங்கியதும் ஒட்டிவிடாதீர்கள். இரவில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் புல்லின் பச்சை எப்படித் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். என் முதல் பட்டையில் புல் நீலமாகத் தெரிந்தது; அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். அந்த மறைப்புப் பலகையைத் தாங்கும் கம்பிகளையும் மறக்காமல் மூடியில் ஒட்டும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.